குளித்து எத்தனை நாளாயிற்று? தட்டைப்புழு நோயில் தோல் சொல்லும் சேதி

ஆப்பிரிக்க ஏரி ஒன்றில் நீந்திவிட்டு வந்த ஒருவர், மறுநாளே முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகளும் தாங்க முடியாத அரிப்புமாக மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் அதே ஏரியில் குளித்தவர். அன்று அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்து, உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்துவிட்டது. மூன்றாமவர் ஒரு பெண். அந்த ஏரிக்கரையிலேயே வளர்ந்தவர், வேறு நாட்டில் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. பிறப்புறுப்பின் ஓரத்தில் மரு மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் வந்திருக்கின்றன. மூவருக்கும் காரணம் சிஸ்டோசோமா என்ற ஒரே வகைத் தட்டைப்புழுவாக இருக்கலாம். ஆனால் மூவருக்கும் இன்றைக்கே ஒரே மாத்திரையைக் கொடுத்தால், அது சரியாக வேலை செய்யப்போவது மூன்றாமவருக்கு மட்டும்தான். முதலாமவருக்கு வீண். இரண்டாமவருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

இந்த நோயில் தோலை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. எந்தத் தண்ணீரில், என்றைக்கு இறங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தோலில் இருப்பது என்ன என்று புரியும், என்ன மருந்து என்றும் தெரியும். அரிப்பின் கடுமையை வைத்து நோயின் கடுமையை எடைபோடுபவர்கள் இங்கே பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள்.

நோயின் பெயர் சிஸ்டோசோமியாசிஸ். 1851இல் கெய்ரோவில் பிணப் பரிசோதனை செய்தபோது இந்தப் புழுவைக் கண்டுபிடித்த ஜெர்மன் மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸின் பெயரால் பில்ஹார்சியா என்றும் சொல்வார்கள். நோய் அதற்கு மிகவும் முந்தியது. பண்டைய எகிப்தின் மம்மிகளின் சிறுநீரகத்தில் சுண்ணாம்பாகிப்போன முட்டைகள் இருந்ததை 1910இல் மார்க் அர்மான் ரஃபர் என்ற ஆய்வாளர் காட்டினார். இன்றைய நிலையைச் சொன்னால், 2021இல் 25 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இருப்பவர்கள். இந்தப் புழுவில் ஹெமடோபியம் என்ற இனம் சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள ரத்த நாளங்களில் தங்கும். மான்சோனி, ஜப்பானிகம் போன்றவை குடலைச் சுற்றியுள்ள நாளங்களில் தங்கும்.

நோயாளியின் சிறுநீரோடும் மலத்தோடும் வெளியேறும் முட்டை நன்னீரில் பொரிக்கும். அதிலிருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகும். சில வாரங்களில் நத்தையிலிருந்து செர்கேரியா என்ற இளம்புழுக்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வெளியே வரும். ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இல்லாத உருவம், நுனியில் இரண்டாகப் பிளந்த வால். இது எதையும் தின்பதில்லை. பிறக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்திருந்த சக்தியை வைத்துக்கொண்டு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நீந்தும். அதற்குள் ஒரு தோல் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். மனிதரைத் தாக்கும் மான்சோனி, ஹெமடோபியம் இனங்களில் செர்கேரியாக்கள் வெளிச்சம் பட்டுத்தான் நத்தையை விட்டுக் கிளம்புகின்றன. ஆகவே வெயில் ஏறிய நடுப்பகலில்தான் தண்ணீரில் அவை அதிகம். பிள்ளைகள் குளித்து விளையாடுவதும், பெண்கள் துணி துவைப்பதும் பல இடங்களில் அதே நேரம்தான்.

தோலில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் செர்கேரியாவை உசுப்பிவிடுகின்றன. தலைப்பகுதிச் சுரப்பிகளிலிருந்து புரதத்தைக் கரைக்கும் நொதிகளை விட்டுக்கொண்டே சில நிமிடங்களில் அது உள்ளே போய்விடும். வால் வெளியிலேயே அறுந்து விழுந்துவிடும். காயமோ கீறலோ தேவையில்லை, நல்ல தோலே போதும். உள்ளே போனது சில நாள் தோலில் தங்கி, பிறகு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகக் கல்லீரலுக்குப் போய் வளரும். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து உரிய நாளங்களுக்குப் போய் முட்டையிடத் தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், சில சமயம் இன்னும் கூடுதலாக.

இனி தோலுக்கு வருவோம்.

முதல் அடையாளம் சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். கரையேறி, உடம்பில் ஈரம் காயும்போது சுருக் சுருக்கென்று குத்தும். சில மணி நேரத்தில் சின்னச் சிவப்புப் புடைப்புகள் எழும்பும், சிலவற்றில் நீர் கோத்துக் கொப்புளமாகும். இரண்டு மூன்று நாள் அரிப்பு உச்சத்தில் இருக்கும். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். நெல் வயலில் இறங்கி வேலை செய்தவரின் காலைக் கவனித்தால், தண்ணீர் எட்டிய இடம் வரை புள்ளிகள் நிறைந்திருக்கும், அதற்கு மேல் தோல் தெளிவாக இருக்கும். இந்தக் கோடு ஒரு நல்ல துப்பு. நீந்தியவர்களில் நீச்சலுடை மூடாத இடங்களில்தான் அதிகம் வரும். கடலில் குளித்தபின் உடைக்குள்ளேயே அரிப்பு வந்தால் அது அநேகமாக வேறு விஷயம்: ஜெல்லி மீனின் நுண்ணிய குஞ்சுகள் துணிக்குள் மாட்டிக்கொண்டு கொட்டியதால் வருவது.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. உலகில் நடக்கும் 'நீச்சல் அரிப்பு' பலவற்றுக்கும் மனிதரைத் தாக்கும் சிஸ்டோசோமா காரணமே இல்லை. வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் உடலிலும் கால்நடைகளின் உடலிலும் வாழும் அதன் உறவுப் புழுக்கள்தான் காரணம். அமெரிக்காவின் மிச்சிகன் பகுதி ஏரிகளில் ஆராய்ந்துகொண்டிருந்த வில்லியம் கோர்ட் 1928இல் இதைக் கண்டறிந்தார். ஆசிய நெல் வயல்களில் வருவது பல நேரம் மாடு, எருமைகளின் புழுவால். இந்தப் புழுக்கள் ஆளை மாற்றிப் புகுந்துவிட்டவை. மனித உடம்பில் இவற்றால் வளர முடியாது. தோலிலேயே செத்துப்போகும், நம் எதிர்ப்பு சக்தி அந்த இடத்தில் திரண்டு தாக்கும், அதனால்தான் அவ்வளவு அரிப்பு. அடுத்தடுத்த முறை அதே தண்ணீரில் இறங்கினால் எதிர்வினை இன்னும் வேகமாக, இன்னும் கடுமையாக வரும்.

மனிதனையே தேடி வரும் இனமோ நம் தோலைக் கடந்துபோவதற்கென்றே பழகியது. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். நோய் பரவியிருக்கும் ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த முதல் அரிப்பு அபூர்வம். புதிதாகப் போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் தெரியும், அவர்களிலும் பலருக்குத் தெரியாது. ஆகவே கடுமையாக அரித்தவருக்குப் பெரும்பாலும் ஒரு வாரத் தொல்லையோடு முடிந்துவிடும். ஒன்றுமே அரிக்காதவரின் நாளங்களில் புழு பல வருடம் குடியிருக்கலாம். சாதாரணமாக மூன்றிலிருந்து பத்து வருடம், அபூர்வமாக முப்பது வருடத்துக்கும் மேல். 'எனக்கு அரிக்கவே இல்லை, அதனால் தப்பித்தேன்' என்ற பேச்சை நம்பவே கூடாது.

இந்தக் கட்டத்துக்குச் சிகிச்சை எளிது. குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம், கால்மைன் லோஷன், ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை, மருத்துவர் சொன்னால் ஸ்டீராய்டு களிம்பு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வது நல்லது. சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால்தான் ஆன்டிபயாடிக் தேவைப்படும். புழு மருந்து வேண்டாம். பறவைப் புழுவாக இருந்தால் அது ஏற்கெனவே செத்தாயிற்று. மனிதப் புழுவாக இருந்தால், அவ்வளவு இளம் பருவத்தில் மருந்து அதைக் கொல்லாது.

இரண்டாவது கட்டத்தைப் பற்றிய பழைய பதிவு ஜப்பானிலிருந்து வருகிறது. ஹிரோஷிமா பகுதியில் கதயாமா என்ற குன்றைச் சுற்றியுள்ள வயல்களில் இறங்கியவர்களுக்குக் கால் அரித்துத் தடித்ததையும், பிறகு காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, கை கால் மெலிந்து, வயிறு பருத்ததையும் 1847இல் புஜி யோஷினாவோ என்ற மருத்துவர் எழுதிவைத்தார். அரக்கு ஏற்றி வந்த கப்பல் ஒன்று பண்டைக் காலத்தில் அங்கே மூழ்கியதாகவும், அந்த அரக்குதான் தோலைக் கெடுக்கிறது என்றும் ஊரில் ஒரு கதை இருந்தது. 1904இல் கட்சுராதா புஜிரோ புழுவைக் கண்டுபிடித்த பிறகும், அது வாய் வழியாகப் போகிறதா தோல் வழியாகவா என்ற சண்டை ஓயவில்லை. 1909இல் மாடுகளை வைத்துத் தீர்த்தார்கள். சில மாடுகளுக்கு வாயை மூடி, கால்களைத் திறந்துவிட்டார்கள். சில மாடுகளுக்குக் கால்களை நீர் புகாதபடி மூடி, வாயைத் திறந்துவிட்டார்கள். நோய் வந்தது கால் நனைந்த மாடுகளுக்குத்தான். 1913இல் மியாயிரியும் சுசுகியும் புழு பெருகும் நத்தையைக் கண்டுபிடித்ததோடு முழு வட்டமும் புரிந்தது.

அந்தக் குன்றின் பெயரால் கதயாமா காய்ச்சல் என்று அழைக்கப்படும் இது, தண்ணீரில் இறங்கி இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள், சில சமயம் இன்னும் தள்ளி வரும். வளரும் புழுக்களும் புதிதாக இடப்படும் முட்டைகளும் வெளியிடும் பொருட்களுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை இது. உடம்பில் இங்கே ஒன்று அங்கே ஒன்றாகத் தடித்து, சில மணி நேரத்தில் மறைந்து, வேறு இடத்தில் கிளம்பும். கண் இமையும் உதடும் வீங்கலாம். காய்ச்சல், வறட்டு இருமல், தலைவலி, தசைவலி, வயிற்றுப்போக்கு எல்லாம் கூடவே வரும். இதற்குள் ஏரியை அவர் மறந்தே போயிருப்பார். மலேரியா, டைபாய்டு, மருந்து ஒவ்வாமை என்று பல பெயர் சூட்டப்படும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மிக உயர்ந்திருப்பது முக்கியத் துப்பு. மலத்திலோ சிறுநீரிலோ முட்டை தேடினால் இந்த நாட்களில் பெரும்பாலும் கிடைக்காது. ரத்த ஆன்டிபாடி சோதனையும் ஆரம்பத்தில் இல்லை என்றே காட்டக்கூடும். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததை வைத்துக் கோப்பை மூடிவிடக் கூடாது.

சிகிச்சையில் வரிசை தவறக் கூடாத இடம் இதுதான். இந்த நோய்க்கான புழு மருந்தாகிய பிராசிகுவாண்டெல் வளர்ந்த புழுவைத்தான் நன்றாகக் கொல்லும். தோலிலிருந்து கிளம்பிச் சில வாரமே ஆன இளம்புழு அதற்குத் தப்பிவிடும். போதாததற்கு, செத்த புழுக்களிலிருந்து ஒரே நேரத்தில் சிதறும் புரதங்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் ஒவ்வாமையை இன்னும் கிளறிவிடும். ஆகவே கடுமையான நிலையில் முதலில் ஸ்டீராய்டு கொடுத்து ஒவ்வாமையை அடக்குகிறார்கள். அப்புறம், கடைசியாகத் தண்ணீரில் இறங்கி ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆன பிறகு பிராசிகுவாண்டெல் கொடுக்கிறார்கள். தப்பிய புழு வளர்ந்திருக்கும் என்பதால் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறையும் கொடுப்பதுண்டு. சில அடையாளங்கள் தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடவே கூடாது: கால்கள் மரத்துப்போவது, நடை தளர்வது, சிறுநீர் பிரியாமல் நிற்பது. முட்டைகள் தண்டுவடத்தில் மாட்டிக்கொண்டதற்கான அடையாளமாக அது இருக்கலாம். 1992இல் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் குளித்த இரண்டு அமெரிக்கத் தன்னார்வலர்களுக்கு நரம்பு மண்டலத்தில் இப்படி ஆனதற்குப் பிறகுதான் வெளிநாட்டவர் கண்ணில் அழகாகத் தெரிந்த அந்த ஏரியை மருத்துவ உலகம் கவனமாகப் பார்க்கத் தொடங்கியது.

மூன்றாவது கட்டம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கழித்து வருவது. இங்கே தோலில் இருப்பது புழு அல்ல, முட்டை. இடப்படும் முட்டைகளில் ஏறக்குறைய பாதி வெளியேறாமல் திசுக்களில் சிக்கிக்கொள்கிறது. அவற்றில் சில, நாளங்களின் கிளைகள் வழியாக வழி தவறித் தோலுக்கு வந்து சேர்கின்றன. பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாய் அருகிலும் பிட்டத்திலும்தான் பெரும்பாலும் தோன்றும். சிலருக்குத் தொப்புளைச் சுற்றி, மார்பில், முதுகில். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், தொட்டால் கெட்டியாக, தோல் நிறத்திலோ சற்றுப் பழுப்பாகவோ கூட்டமாக எழும்பும். அரிப்பு கொஞ்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு பக்கமாகப் பட்டை போல வந்தால் அக்கி என்று நினைத்துவிடுவார்கள். நாளாக ஆக ஒன்றோடொன்று சேர்ந்து மரு போல வளரும், சிலவற்றில் புண்ணாகும்.

இந்த இடத்தில் நடக்கும் தவறான நோயறிதல்தான் எனக்கு மிகவும் வேதனை தருவது. பிறப்புறுப்பில் மரு என்றதும் பால்வினை நோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குளிர்வித்துச் சுடுகிறார்கள், மருந்து வைத்து எரிக்கிறார்கள். மறுபடி வருகிறது. சின்னப் பெண்ணாக இருக்கும்போது ஆற்றில் தண்ணீர் எடுத்ததைத் தவிர எதுவும் செய்யாதவள் கணவனிடமும் குடும்பத்திடமும் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறாள். ஒரு சிறு துண்டை எடுத்துப் பயாப்சி செய்திருந்தால் கதையே வேறு. நுண்ணோக்கியில் வீக்க அணுக்களின் வளையத்துக்கு நடுவே முட்டை தெரியும். முள் நுனியில் இருந்தால் ஹெமடோபியம், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் மான்சோனி. வெளியே தெரியும் முடிச்சுகள் ஒரு பகுதிதான். உள்ளே கருப்பை வாயில் மணல் தூவியது போன்ற திட்டுகள், உறவின்போது ரத்தக் கசிவு, குழந்தையின்மை, எச்ஐவி எளிதில் தொற்றும் நிலை என்று நீளும் நோய் இது. சுமார் 5 கோடியே 60 லட்சம் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. நோய் உள்ள நாடுகளிலிருந்து வந்த பெண்ணிடம் இப்படி ஒரு மருவைப் பார்த்தால், எரிப்பதற்கு முன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தாய் என்று கேட்பது மருத்துவரின் கடமை.

இந்தக் கட்டத்தில்தான் பிராசிகுவாண்டெல் முழுப் பலன் தருகிறது. 1970களில் ஜெர்மனியின் பேயர், மெர்க் நிறுவனங்கள் உருவாக்கிய மருந்து. ஹெமடோபியம், மான்சோனி ஆகிய ஆப்பிரிக்க இனங்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஜப்பானிகம், மெகாங்கி ஆகிய ஆசிய இனங்களுக்கு 60 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு முதல் கணக்கில் 600 மில்லிகிராம் மாத்திரை நான்கு, ஒரே நாளில் முடிந்துவிடும். கசப்பு அதிகம், அதனால் மெல்லாமல் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். புழுவின் உடலுக்குள் கால்சியம் பாய்ந்து தசைகள் இறுகி, மேல்தோல் சிதையும், பிறகு நம் எதிர்ப்பு சக்தி மிச்சத்தை முடிக்கும். வயிற்றுவலி, குமட்டல், தலைசுற்றல் சில மணி நேரம் இருக்கலாம். புழு நிறைய இருந்தவர்களுக்கு மாத்திரை போட்ட அன்றே தடிப்பும் அரிப்பும் வரலாம். பலர் இதை மருந்து ஒவ்வாமை என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சாகும் புழுக்களால் வருவது, ஆன்டிஹிஸ்டமினில் அடங்கும். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் உடனே மருத்துவமனை. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கடந்தபின்னும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இந்த எளிய மாத்திரைக்கு முன்னால் இருந்த சிகிச்சையை நினைத்தால் மனம் கனக்கிறது. 1918இல் சூடானின் கார்ட்டூமில் கிறிஸ்டோஃபர்சன் என்ற மருத்துவர் தொடங்கி வைத்த, ஆன்டிமனி என்ற தனிமம் கலந்த ஊசிதான் பல பத்தாண்டுகள் முக்கிய வழி. நாளத்தில் பல முறை போட வேண்டிய, இதயத்தையும் பாதிக்கக்கூடிய ஊசி. எகிப்தில் 1950களிலிருந்து 1980கள் வரை லட்சக்கணக்கானோருக்குப் போட்டபோது ஊசிகளைச் சரியாகச் சுத்தப்படுத்தாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் சி பரவியது. புழுவுக்கு மருந்து வாங்கப் போனவர்கள் கல்லீரல் நோயோடு திரும்பினார்கள்.

தடுப்பு பற்றிச் சுருக்கமாக: நோய் உள்ள பகுதியில் ஆறு, ஏரி, வாய்க்கால் தண்ணீரில் இறங்காமல் இருப்பதுதான் உறுதியான வழி. குளோரின் கலந்த நீச்சல் குளத்தால் பயமில்லை. மனிதரைத் தாக்கும் இனங்கள் கடல்நீரில் பரவுவதில்லை. குளிக்கும் நீரை நத்தை இல்லாத தொட்டியில் ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தால் செர்கேரியா தானே செத்துவிடும். தவறி இறங்கிவிட்டால் உடனே துண்டால் அழுத்தித் துடைப்பது கொஞ்சம் உதவலாம், ஆனால் நிமிடக் கணக்கில் புகுந்துவிடும் ஒன்றுக்கு அதை முழுசாக நம்ப முடியாது. இறங்கியவர்கள், உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ரத்தமும் சிறுநீரும் மலமும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஹெமடோபியம் முட்டைக்கு நண்பகலை ஒட்டி எடுக்கும் சிறுநீர்தான் சிறந்தது.

சிகிச்சைக்குப் பிறகு தோல் முடிச்சுகள் உடனே மறைவதில்லை. புழு செத்தாலும் முட்டைகள் திசுவிலேயே கிடக்கும், வீக்கம் வற்ற வாரங்களோ மாதங்களோ ஆகும். தழும்பாகிவிட்ட பெரிய முடிச்சுகளை அறுவையில் எடுக்க வேண்டியும் வரலாம். ஆன்டிபாடி சோதனை வருடக்கணக்கில் 'பாசிட்டிவ்' என்றே காட்டும், அதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்ப மாத்திரை போட வேண்டியதில்லை. ஈசினோஃபில் இறங்குகிறதா, முட்டை வருவது நின்றதா, புதிய முடிச்சு தோன்றுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக முடிச்சு வந்தால், நடுவில் மறுபடி அந்தத் தண்ணீரில் இறங்கினாரா என்று விசாரித்துவிட்டு இரண்டாவது சுற்று மருந்தை முடிவு செய்யலாம்.